இல்லாத கவுண்டியில் வாக்கு எண்ணுவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு பொழுதுபோக்கு உண்டு. வரைபடத்தில் இல்லாத ஒரு கவுண்டியைத் தாங்களே உருவாக்குவார்கள். அதற்கு ஆறு, மேடு, ஊர், தேவாலயம், ஆலை எல்லாம் கொடுப்பார்கள். அப்புறம் அங்கே அதிபர் தேர்தல் நடந்தால் யாருக்கு எத்தனை வாக்கு விழும் என்று கணக்குப் போடுவார்கள். நானும் சில ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, இல்லாத கவுண்டிகளுக்காகத் தேடிப் படித்ததுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவில் தொடங்குகிறார்கள். "அலபாமாவில் ஜனநாயகக் கட்சிக்கு 60 சதவீதம் போடும் கவுண்டி வேண்டும்" என்று எண்ணை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் மக்களைப் பிறகு தேடுகிறார்கள். அப்படிச் செய்த கவுண்டியில் உயிர் இருப்பதில்லை. மண்ணில் தொடங்குங்கள். அந்த மண்ணுக்கு யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எங்கே போய் வழிபட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். வாக்கு கடைசியில் வரட்டும்.

கவுண்டி என்றால் என்ன அளவு?

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. நம் மாவட்டம் போல என்று சொல்லலாம், ஆனால் மக்கள்தொகையில் அந்த ஒப்பீடு நிற்காது. மொத்தம் 3,100க்கு மேல் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 64 பேர். டெக்சாஸில் 254 கவுண்டிகள், டெலவேரில் மூன்றே மூன்று.

மாநிலத்துக்கு மாநிலம் வழக்கமும் மாறும். லூசியானாவில் இதே பிரிவுக்குப் பாரிஷ் என்று பெயர், அலாஸ்காவில் பரோ. வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டிக்குள்ளும் சேராமல் தனியாக நிற்கின்றன. ஆகவே வர்ஜீனியாவில் ஒரு கவுண்டி உருவாக்கினால், அதன் நடுவில் உள்ள நகரத்தின் வாக்குகள் கவுண்டிக் கணக்கில் சேருமா சேராதா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்: பாதிக் கவுண்டிகளில் 30,000 பேர்கூட இல்லை. புதியவர்கள் உருவாக்கும் கவுண்டிகளில் எப்போதும் 5 லட்சம் பேர், ஒரு விமான நிலையம், ஒரு பல்கலைக்கழகம் இருக்கும். முதல் முயற்சிக்கு 10,000 முதல் 20,000 பேர் உள்ள கிராமப்புறக் கவுண்டியை எடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அளவு அது.

புதுக் கவுண்டி என்பது நடக்காத காரியமும் இல்லை. அரிசோனாவில் 1983இல் யூமா கவுண்டியைப் பிரித்து லா பாஸ் கவுண்டியை உண்டாக்கினார்கள். கொலராடோவின் புரூம்ஃபீல்டு 2001இல் தனிக் கவுண்டியானது. நாம் செய்வதும் அதே வேலைதான். இருக்கிற கவுண்டிகளின் ஓரங்களை வெட்டி, நடுவில் ஒன்றைச் செருகுகிறோம்.

முதலில் மண்

மண்ணுக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களின் குறுக்கே வளைந்து போகும் கரிசல் பட்டையை. டைனோசர் காலத்தில் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்பு பிற்காலத்தில் வளமான கருமண்ணானது. கருமண்ணில் பருத்தி நன்றாக விளையும். பருத்திக்காகத் தோட்ட முதலாளிகள் ஆப்பிரிக்க அடிமைகளை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தக் கவுண்டிகளில் பெரும்பான்மை. அதனால்தான் குடியரசுக் கட்சியின் சிவப்பு நிறைந்த அலபாமாவின் நடுவே ஜனநாயகக் கட்சியின் நீலம் ஒரு பட்டையாக ஓடுகிறது. கடற்கரை மறைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் வாக்கு வரைபடத்தில் அதன் கோடு தெரிகிறது. அந்தப் பட்டையில் நீங்கள் கவுண்டி உருவாக்கினால் கணக்கும் எளிது: கறுப்பின மக்களின் பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே ஜனநாயகக் கட்சியின் வாக்கு.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது அத்தனை எளிதில்லாத இடம். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை. பனியுகத்தில் சுற்றுவட்டாரம் முழுவதையும் பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்கின. இந்த மூலை மட்டும் தப்பியது. அதனால் இங்கே செங்குத்தான மேடுகள், இடுக்கான பள்ளத்தாக்குகள், வளைந்து வளைந்து ஓடும் கிக்கபூ ஆறு. இதற்கு ட்ரிஃப்ட்லெஸ் பகுதி என்று பெயர். இப்படிப்பட்ட நிலத்தில் அயோவா போல மைல் கணக்கில் மக்காச்சோளம் போட முடியாது. மேட்டு நிலத்தை உழுதால் மண் அரித்துப் போகும். 1930களில் நாட்டிலேயே முதல் பெரிய மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்தை அரசு தொடங்கியது இங்கே உள்ள கூன் வேலியில்தான். ஆக, இது சிறு பண்ணைகளின் நாடு. பால்மாடு, கொஞ்சம் புகையிலை, சரிவில் காடு.

மண் இவ்வளவும் சொல்லிவிட்டது. இன்னும் கட்சியின் பெயரையே நாம் எடுக்கவில்லை.

பெயரும் வந்தவர்களும்

நம் கவுண்டி வெர்னன், க்ராஃபோர்டு, ரிச்லாண்ட் ஆகிய மூன்று உண்மையான கவுண்டிகளுக்கு நடுவே இருக்கட்டும். கவுண்டியின் பெயர் அது பிறந்த காலத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கிலும் மத்திய மேற்கிலும் வாஷிங்டன், ஜெஃபர்சன், வெயின், கிரீன் என்று விடுதலைப் போர்க்காலப் பெயர்கள் நிறைய. வாஷிங்டன் என்ற பெயர் சுமார் 30 மாநிலங்களில் இருக்கிறது, விஸ்கான்சினிலும் ஏற்கெனவே உண்டு. ஒரே மாநிலத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வராது என்பதால் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

வெர்னன் கவுண்டிக்கு முதலில் பேட் ஆக்ஸ் என்று பெயர். 1862இல்தான் மாற்றினார்கள். அதே 1862 ஏப்ரலில் விஸ்கான்சின் ஆளுநர் லூயிஸ் ஹார்வி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் காயம்பட்ட தன் மாநில வீரர்களைப் பார்க்க டென்னசிக்குப் போனவர், ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆற்றில் விழுந்து இறந்தார். பதவியேற்று நான்கு மாதம்கூட முழுதாக முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு புதுக் கவுண்டி பிறந்திருந்தால் அவர் பெயரை வைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விஸ்கான்சினில் ஹார்வி கவுண்டி கிடையாது. ஆக, நம்முடையது ஹார்வி கவுண்டி. இந்தப் பெயர் கிடைத்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பொருத்தமான பெயர் கிடைத்ததும் கவுண்டி தானாகவே பேசத் தொடங்கும்.

அடுத்து மக்கள். இந்த நிலம் ஹோ-சங்க் பழங்குடியினருடையது. அரசு அவர்களைத் திரும்பத் திரும்ப வெளியேற்றியது, அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். பிறகு நியூ இங்கிலாந்துக்காரர்கள் ஆற்றோரமாக ஆலை வைத்தார்கள். அப்படி ஓர் ஆலையைச் சுற்றி வளர்ந்ததுதான் நம் கவுண்டியின் தலைநகர். அதற்குப் பார்ட்லெட் என்று பெயர் வைக்கிறேன். மேட்டு நிலங்களில் குடியேறியவர்கள் நார்வே நாட்டு லூத்தரன்கள், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். பள்ளத்தாக்கில் கொஞ்சம் ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர்கள். 1960களுக்குப் பிறகு இரண்டு புது வரவு: குறைந்த விலை நிலம் தேடி வந்த ஆமிஷ் குடும்பங்கள் (நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்), நகர வாழ்க்கையை விட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்த இளைஞர்கள்.

இரண்டாவது வரவு நான் கற்பனை செய்ததில்லை. பக்கத்து வெர்னன் கவுண்டியின் லா ஃபார்ஜ் ஊரில் அணை கட்டுவதற்காக நடுவண் அரசு நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் அணை வேலை பாதியில் நின்றுபோனது. குடும்பங்கள் போனது போனதுதான். அதே வட்டாரத்தில் 1988இல் சில விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய இயற்கை விளைபொருள் கூட்டுறவுதான் பின்னாளில் ஆர்கானிக் வேலி என்ற பெரிய பெயரானது. ஒரு கவுண்டிக்குக் கதை எழுதும்போது, பக்கத்துக் கவுண்டியில் நடந்ததில் எது எல்லை தாண்டி இங்கும் வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கதை கிடைத்துவிடும்.

வாக்கை எது இழுக்கிறது?

எல்லாக் கவுண்டியிலும் ஒரே விசை வேலை செய்வதில்லை. உங்கள் கவுண்டியில் எது முதன்மை என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சாரம். சில மாதிரிகளைத் தருகிறேன்.

பெரிய பல்கலைக்கழகம் இருந்தால் அதுவே கவுண்டியை இழுத்துக்கொண்டு போகும். விஸ்கான்சினின் டேன் கவுண்டியில் 2020இல் பைடனுக்கு 75 சதவீதம் விழுந்தது. அது மேடிசன் நகரப் பல்கலைக்கழகமும் மாநிலத் தலைநகரும் சேர்ந்த இடம். பணக்காரர்களின் பனிச்சறுக்கு ஊர்களும் ஜனநாயகக் கட்சிப் பக்கமே. வயோமிங் மாநிலத்தில் அந்த ஆண்டு பைடன் வென்ற இரண்டு கவுண்டிகளில் ஒன்று டீட்டன், அதாவது ஜாக்சன் ஊர் இருக்கும் இடம். மற்றது பல்கலைக்கழகம் உள்ள ஆல்பனி. தெற்கு டகோடாவின் ஓக்ளாலா லகோட்டா கவுண்டி பழங்குடி நிலம். அங்கே ஜனநாயகக் கட்சிக்கு 90 சதவீதத்தை ஒட்டி விழும்.

வளரும் புறநகர் தனி வகை. ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் 2012இல் குடியரசுக் கட்சியின் ரோம்னிக்கு 80 சதவீதம் விழுந்தது. 2020இல் டிரம்புக்கு சுமார் 66. அட்லாண்டாவின் பணிவாய்ப்பும் நல்ல பள்ளிகளும் தேடி அங்கே போய் வீடு வாங்கியவர்களில் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்களும் நிறைய. இப்படி ஒரு கவுண்டியை உருவாக்கினால் ஒவ்வொரு தேர்தலுக்கும் மக்கள்தொகையையே மாற்றி எழுத வேண்டும்.

பழைய பழக்கம் எத்தனை காலம் நிற்கும் என்பதையும் பாருங்கள். கென்டக்கியின் எலியட் கவுண்டி 1869இல் பிறந்தது முதல் 2012 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 2016இல் டிரம்புக்கு 70 சதவீதம். பழக்கம் மெல்ல மெல்லத் தேயும், உடையும்போது ஒரேயடியாக உடையும்.

எண்களை எங்கே எடுப்பது?

மக்கள்தொகை, கல்வி, வருமானம் எல்லாம் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் இலவசம். ஊர் அளவில் வேண்டுமென்றால் அதே துறையின் ஐந்தாண்டு அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயைப் பாருங்கள். கவுண்டிவாரியான பழைய தேர்தல் முடிவுகளுக்கு டேவ் லீப் என்பவர் நடத்தும் தேர்தல் அட்லஸ் இணையதளம். ஒரு எச்சரிக்கை: அந்த அட்லஸில் ஜனநாயகக் கட்சி சிவப்பு, குடியரசுக் கட்சி நீலம். இன்று எல்லாரும் பயன்படுத்தும் நிறங்கள் 2000 தேர்தலில்தான் ஊடகங்களில் நிலைத்தன. அவர் தன் வழக்கத்தை மாற்றவில்லை.

டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற இன்னொரு இலவசச் செயலி இருக்கிறது. தொகுதி எல்லை வரையத் தெரிந்தவர்களுக்கானது என்றாலும் நமக்கு அதுதான் பொக்கிஷம். வாக்குச்சாவடிப் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், அந்தத் துண்டின் மக்கள்தொகையும் பழைய வாக்கும் உடனே தெரியும். மூன்று கவுண்டிகளின் ஓரத்தை வெட்டி ஒட்டி உங்கள் கவுண்டியின் முதல் வரைவை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

கணக்கு

சரி, ஹார்வி கவுண்டிக்கு 2020 தேர்தலைக் கணக்கிடுவோம். இங்கே வரும் ஹார்வி எண்கள் எல்லாம் நான் வைத்தவை. பக்கத்துக் கவுண்டி எண்கள் உண்மையானவை.

முதலில் ஒரு பரீட்சை. பியூ ஆய்வு மையம் 2020இல் உண்மையில் வாக்களித்தவர்களை ஆராய்ந்தபோது, கல்லூரிப் பட்டம் பெற்ற வெள்ளையர்களில் 57 சதவீதம் பைடனுக்கும், பட்டம் இல்லாத வெள்ளையர்களில் 33 சதவீதம் பைடனுக்கும் போட்டிருந்தார்கள். ஹார்வியில் அநேகமாக எல்லாரும் வெள்ளையர். வாக்களிப்பவர்களில் 28 சதவீதம் பட்டதாரிகள் என்று வைப்போம். 28இல் 57 சதவீதம் 16. மீதி 72இல் 33 சதவீதம் 24. கூட்டினால் பைடனுக்கு 40.

இப்போது அக்கம்பக்கத்தைப் பாருங்கள். வெர்னனில் பைடனுக்கு 47 சதவீதம் அளவுக்கு விழுந்தது. க்ராஃபோர்டில் 45, ரிச்லாண்டில் 44. மூன்றுமே நாடளாவிய சராசரி சொன்னதைவிட 4 முதல் 7 சதவீதப் புள்ளி கூடுதல். அந்த இடைவெளியில்தான் இந்த மண்ணின் வரலாறு இருக்கிறது. நார்வே லூத்தரன்களின் கூட்டுறவுப் பழக்கம், 1924இல் ராபர்ட் லா ஃபாலெட் மூன்றாவது அணியாக நின்றபோது அவருக்குக் கிடைத்த ஒரே மாநிலமான விஸ்கான்சினின் முற்போக்கு மரபு, 1980களின் பண்ணை நெருக்கடி, ஆர்கானிக் விவசாயிகள். நாடளாவிய சராசரியை மட்டும் நம்பிக் கவுண்டி செய்கிறவர்கள் இந்த 7 புள்ளியைத் தொலைத்துவிடுகிறார்கள். வெர்மான்ட்டும் மிசிசிப்பியும் இதற்குச் சரியான சான்று. வெர்மான்ட்டின் கிராமப்புற வெள்ளையர்களில் பெரும்பாலோர் பைடனுக்குப் போட்டார்கள். அங்கே டிரம்ப் வென்றது எசெக்ஸ் என்ற ஒரே கவுண்டியில். மிசிசிப்பி வெள்ளையர்கள் பெரும் பெரும்பான்மையாக டிரம்புக்குப் போட்டார்கள்.

அடுத்து, எத்தனை பேர் வாக்களிப்பார்கள்? இதைத்தான் புதியவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். 2020இல் நாடு முழுவதும் மக்கள்தொகையில் 48 சதவீத அளவுக்கு வாக்குகள் விழுந்தன. டேன் கவுண்டியில் அது 61. டெக்சாஸ் எல்லையில் உள்ள ஸ்டார் கவுண்டியில் 27தான். சிறைகளையும் மறக்காதீர்கள்: கணக்கெடுப்பு கைதிகளைச் சிறை இருக்கும் கவுண்டியின் மக்களாகவே எண்ணும், ஆனால் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் தண்டனைக் கைதிகளுக்கு வாக்கில்லை.

ஹார்வியின் மக்கள்தொகை 14,000 என்று வைக்கிறேன். அதில் 1,200 பேர் ஆமிஷ்கள். அவர்கள் பெரும்பாலும் வாக்களிப்பதில்லை, குழந்தைகளும் அதிகம். அவர்களை விட்டுவிட்டு 12,800 பேரில் 57 சதவீதம் என்றால் சுமார் 7,300 வாக்குகள். மொத்த மக்கள்தொகையில் இது 52 சதவீதம். வெர்னனிலும் ரிச்லாண்டிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான், ஆக அளவு சரி.

இனி கவுண்டியை நான்கு துண்டாகப் பிரியுங்கள். ஒரே எண்ணை முழுக் கவுண்டிக்கும் போடுவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

பார்ட்லெட் நகரம், 1,800 வாக்குகள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், பாலாடைக்கட்டி ஆலை. பைடனுக்கு 51 சதவீதம், 918 வாக்கு.

நார்வே வழியினர் வாழும் மேட்டு நிலங்கள், 2,700 வாக்குகள். இங்கேதான் ஒபாமாவிலிருந்து டிரம்புக்கு மாறியவர்கள் அதிகம். மாடுகளை விற்றுவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள். பைடனுக்கு 46 சதவீதம், 1,242.

கிக்கபூ ஓரம் ஆர்கானிக் பண்ணைகள் உள்ள பள்ளத்தாக்கு, 900 வாக்குகள். 66 சதவீதம், 594.

தெற்குக் கோடியில் வேட்டைக் குடில்கள், ஓய்வு பெற்று வந்தவர்கள், வறுமையான ஒதுக்குப்புறங்கள், 1,900 வாக்குகள். 33 சதவீதம், 627.

மொத்தம் 3,381. அதாவது 46.3 சதவீதம். சிறு கட்சிகளுக்கு 2 சதவீதம் என 146 வாக்கை விட்டால் டிரம்புக்கு 3,773, 51.7 சதவீதம். வித்தியாசம் 5.4 புள்ளி. உண்மையான மூன்று கவுண்டிகளிலும் டிரம்பின் முன்னிலை சுமார் 5, 8, 10. ஹார்வி வெர்னனை ஒட்டி நிற்கிறது. ஆர்கானிக் பள்ளத்தாக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறோம், அதனால் அப்படித்தான் நிற்க வேண்டும். உங்கள் விடை அண்டைக் கவுண்டிகளின் வரம்புக்கு வெளியே போனால், அதற்கு ஒரு காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் துண்டுகளைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

பின்னோக்கியும் முன்னோக்கியும்

ஒரு தேர்தலோடு நிறுத்தினால் அது படம். நான்கைந்து தேர்தல் போட்டால்தான் கதை. 2012இல் ஒபாமா மூன்று அண்டைக் கவுண்டிகளையும் இரட்டை இலக்க வித்தியாசத்தில் வென்றார். ஆகவே ஹார்விக்கு அந்த ஆண்டு ஒபாமா 57 என்று தயங்காமல் போடலாம். நான்கே ஆண்டில் இவ்வளவு பெரிய மாற்றமா என்று சந்தேகம் வந்தால் அயோவாவின் ஹோவர்ட் கவுண்டியைப் பாருங்கள். 2012இல் ஒபாமாவுக்கு 20 புள்ளி முன்னிலை கொடுத்த அதே கவுண்டி 2016இல் டிரம்புக்கு 20 புள்ளி கொடுத்தது. இப்படி மாறிய ஒரே கவுண்டி அதுதான் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதுதான் உச்சவரம்பு, உங்கள் கவுண்டி அதைத் தாண்டக் கூடாது.

2024க்குப் போக எளிய வழி, மாநிலம் நகர்ந்த அளவு கவுண்டியையும் நகர்த்துவது. விஸ்கான்சினை 2020இல் பைடன் 20,682 வாக்கில் வென்றார், 2024இல் டிரம்ப் 29,397 வாக்கில் வென்றார். சதவீதத்தில் குடியரசுக் கட்சிப் பக்கம் சுமார் 1.5 புள்ளி நகர்வு. ஹார்வி 5.4இலிருந்து 7க்குப் போகும். விஸ்கான்சின் கிராமங்களுக்கு இது போதும். ஆனால் எல்லா இடத்துக்கும் இந்த வழி உதவாது.

ஸ்டார் கவுண்டியைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் இந்த ஒரு கவுண்டி கற்றுத்தருவது ஏராளம். மக்களில் 95 சதவீதத்துக்கு மேல் மெக்சிக வழியினர். 2016இல் கிளின்டனுக்கு 9,289 வாக்கு, டிரம்புக்கு 2,224. 2020இல் பைடனுக்கு 9,123, டிரம்புக்கு 8,247. ஜனநாயகக் கட்சியின் வாக்கு அநேகமாக அப்படியே இருக்கிறது, டிரம்பின் வாக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. சதவீதத்தை மட்டும் பார்த்தவர்கள் எல்லாரும் கட்சி மாறிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால், அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தது தெரிகிறது. 2024இல் 1892க்குப் பிறகு முதல் முறையாக அந்தக் கவுண்டி குடியரசுக் கட்சிக்குப் போனது. டெக்சாஸ் மாநில நகர்வை வைத்து யாராலும் இதைக் கணித்திருக்க முடியாது. அதனால் சதவீதத்தோடு வாக்கு எண்ணிக்கையையும் எப்போதும் எழுதி வையுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சோதனை

இரண்டு மூன்று கவுண்டி உருவாக்கிய பிறகு இதைச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாத ஓர் உண்மையான கவுண்டியை எடுத்து, தேர்தல் முடிவைப் பார்க்காமல், கணக்கெடுப்பு எண்களையும் வரலாற்றையும் மட்டும் வைத்துக் கணியுங்கள். அப்புறம் முடிவைத் திறந்து பாருங்கள்.

என் முதல் சோதனை அயோவாவின் சூ கவுண்டி. கல்வி, வருமானம், விவசாயம் எல்லாம் பார்த்துவிட்டு டிரம்புக்கு 67 என்று எழுதினேன். முடிவு 80க்கு மேல். எங்கே போனது 15 புள்ளி என்று இரண்டு நாள் தேடினேன். கவுண்டியின் தலைநகர் ஆரஞ்ச் சிட்டி; ஆண்டுதோறும் துலிப் திருவிழா நடக்கும் ஊர். 1870களில் அங்கே குடியேறியவர்கள் டச்சு சீர்திருத்தச் சபையினர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவாலயத்தைச் சுற்றியே நகரும் சமூகம். சபையைச் சார்ந்த கல்லூரிகள் இருப்பதால் பட்டதாரிகள் அதிகம், அந்தப் பட்டதாரிகளும் குடியரசுக் கட்சிக்கே போடுகிறவர்கள். பட்டதாரி என்றால் பைடன் என்ற என் கணக்கு அங்கே வேலை செய்யவில்லை. அதிலிருந்து மத்திய மேற்கில் எந்தக் கவுண்டியைத் தொட்டாலும், வருமானப் பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்த ஊர்த் தேவாலயங்களின் பெயர்களைத்தான் படிக்கிறேன்.

நீங்கள் முதல் சோதனைக்கு மிச்சிகனின் ஒட்டாவா கவுண்டியை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் டச்சு சீர்திருத்தச் சபையினர் உண்டு, அங்கேயும் துலிப் உண்டு. ஆனால் பக்கத்திலேயே கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அந்த நகரம் எத்தனை புள்ளியை நகர்த்தியிருக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு 2020 முடிவைத் திறங்கள்.